ஐந்து மூட்டை நல்ல ஆட்டை

எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் அருணாதேவிக்குக் கடையும் இல்லை, கிடங்கும் இல்லை. ஒரு தராசுகூடக் கிடையாது. ஆனாலும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி வருகிற கூட்டம் தின்பதிலும் குடிப்பதிலும் பாதி அவள் சொல்லி வந்து இறங்கியதுதான். வாழையிலை எந்தத் தோட்டத்திலிருந்து வர வேண்டும், இளநீர் எந்த முனையில் இறங்க வேண்டும், பால் யாருக்கு எவ்வளவு, எல்லாம் கண்ணாடி கீறல் விட்ட ஒரு போனில் நடக்கிறது. என் குட்டியானையும் அந்தப் போன் சொல்கிறபடிதான் ஓடுகிறது. குட்டியானை என்றால் சின்ன சரக்கு வண்டி. வெளிநாட்டில் இருந்து யாராவது படித்தால் பயந்துவிடக் கூடாதே என்று சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் சுப்பிரமணி. போனைக் கண்டாலே எரிச்சல் படுகிற ஜாதி நான். ஒரு ஆளிடம் நேரில் போய், 'இன்னாய்யா, உண்டா இல்லையா?' என்று கேட்டால் முடிகிற விஷயத்துக்கு எதற்கு இத்தனை டிங் டிங் சத்தம்? இப்படிப்பட்ட என்னையே அருணா வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்றால் அவள் சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் முதலில் செங்கம் சாலையில், ரமணாசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காருகிற ஒரு கஃபேயில் வேலை பார்த்தாள். சமையலறைக்குச் சாமான் வரவழைக்கிற வேலை. தயிர் ஒரு ஊர், கீரை ஒரு ஊர், ரொட்டி பாண்டிச்சேரி. கொடுக்கிறவர்கள் எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டு வேலையை நடத்தினார்கள். கொரோனா வந்தது, கஃபே மூடியது, அருணா வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு கிரிவலம் மறுபடி தொடங்கிய முதல் பௌர்ணமியில் பாதையில் இட்லி விற்கிறவர்களுக்கு இலை கிடைக்காமல் ஒரே கூச்சல். அதே சாயங்காலம் தண்டராம்பட்டுப் பக்கத்தில் ஒருவர், வாங்க ஆளில்லை என்று அறுத்த இலையை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும்ணா. அவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. அவ்ளோதான் விஷயம்" என்றாள் என்னிடம். அந்த 'அவ்ளோதான்' இன்றைக்கு இவ்வளவாகிவிட்டது. விளைவிக்கிறவர், ஏற்றுகிறவர், வேக வைக்கிறவர், விற்கிறவர் என்று மலையைச் சுற்றி யார் யாரோ அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

முதலில் அதற்கு 'பௌர்ணமி சரக்கு' என்று பெயர் வைத்தாள். டீக்கடை சடையன் சேர்ந்த அன்றைக்கே அவன் வீட்டில் ரகளை. 'சரக்கு எத்தனை பெட்டி வேணும், சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க' என்று வந்திருந்ததை அவன் மனைவி படித்துவிட்டாள். தண்ணீர் பாட்டில் பெட்டிதான் என்று அவன் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணியும் அவள் நம்பவில்லை. அருணா நேரில் போய்ச் சமாதானம் சொல்லி, பெயரை 'பௌர்ணமி சாமான்' என்று மாற்றிய பிறகுதான் சடையனுக்குச் சோறு கிடைத்தது.

குழுவுக்குச் சட்டதிட்டம் உண்டு. சாமி படம், காலை வணக்கம், கட்சிச் சண்டை எதுவும் கூடாது. கட்டைவிரல் படம் போட்டால் கணக்கில் சேராது. 'பாக்கறேன்' என்று எழுதினால் வராது என்று அர்த்தம். எங்கள் ஜில்லாவில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 'ஆச்சு' என்று எழுதினால்தான் ஆச்சு. இதை எங்கள் மண்டையில் ஏற்றுவதற்குள் அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

இந்தக் குழுவில் போளூர்ப் பக்கத்திலிருந்து ஜம்புகுமார் என்று ஒருவர் சேர்ந்தார். சமணக் குடும்பம். நாங்களெல்லாம் கோயிலுக்கு வந்து குடியேறியவர்கள் என்று சொல்லிக்கொள்வோமே, அதற்கும் முன்னாலிருந்து அந்த மண்ணில் உழுகிறவர்கள். சமணரை நயினார் என்று சொல்வது வழக்கம் என்பதால் எங்களுக்கும் அவர் நயினார்தான். வெங்காயம் கிடையாது, கிழங்கு கிடையாது, பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. அவர் நிலத்தில் மல்லாட்டை விளையும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு நிலக்கடலை என்று பெயர், மளிகைக்கடையில் வேர்க்கடலை, எங்கள் வாயில் மல்லாட்டை.

"மண்ணுக்கடியில விளையறதாச்சே நயினாரே, நீங்க சாப்பிடலாமா?" என்று ஒருமுறை வம்புக்குக் கேட்டேன்.

"அது கிழங்கு இல்லைங்க, காய். வெக்கப்பட்டுக்கிட்டு மண்ணுக்குள்ள போய் காய்க்குது" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. கிண்டல் பண்ணுகிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவரிடம் ஒரு சங்கடம் உண்டு. பௌர்ணமிக்கு முந்தின சதுர்தசி அன்று அவருக்கு விரதம். அன்றைக்குப் போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார். குழு கொதிக்கிற நாளே அந்த நாள்தான். அன்றைக்கு ஆளே கிடைக்கமாட்டார் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார் என்று அருணாவிடம் சொன்னேன்.

"அவருக்கு ஒருநாள் முன்னாடியே கேட்டுட்டாப் போச்சு" என்றாள். "அவர் சொன்னா சொன்னதுதான். அப்படி ஒருத்தர் கெடைக்கறது ரொம்ப கம்மிண்ணா." அவர் ஒருவருக்காகக் குழுவின் மொத்தக் கணக்கையும் பிரதோஷ நாளுக்கு நகர்த்தினாள். அதனால் எங்களுக்கெல்லாம் ஒருநாள் மூச்சுவிட நேரம் கிடைத்தது என்பது வேறு விஷயம். நான் வாயைத் திறந்து பாராட்டவில்லை.

போன ஐப்பசியில்தான் அது நடந்தது. சென்னையில் அன்னதானம் பண்ணுகிற ஓர் அறக்கட்டளை. அதன் காரியங்களைப் பார்க்கிற நந்தினி என்ற பெண் அருணாவைக் கூப்பிட்டார். நடந்து வருகிற பக்தர்களுக்கு வேக வைத்த வேர்க்கடலை கொடுக்க வேண்டும், ஐந்து மூட்டை பச்சைக் காய் வேண்டும் என்றார். அருணா அவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டாள். பிரதோஷத்தன்று காலையிலேயே நயினாருக்குப் போன் பண்ணி, "பறிச்சுடுங்க, அஞ்சு மூட்டையும் நாங்க எடுத்துக்கறோம்" என்றாள். அவர் உடனே ஆள் விட்டுப் பறிக்க ஆரம்பித்தார்.

வேக வைக்கிற காயைக் கொஞ்சம் இளசாகப் பறித்தால்தான் ருசி. ஆனால் அப்படிப் பறித்ததை வைத்திருக்க முடியாது. காயப் போட்டால் சுருங்கிப் பொக்காகிவிடும். அதுவும் ஐப்பசியில் காயப் போட வெயிலுக்கு எங்கே போவது? செடியைப் பிடுங்கிவிட்டால் பௌர்ணமிக்குள் வெந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நயினாரின் அத்தனை உழைப்பும் குப்பைதான்.

அன்று சாயங்காலம் அருணா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு. பாதையில் அண்டா வைத்து அவித்து விற்கிற ராணியம்மாளுக்குச் சேதி சொல்ல வேண்டும். போனில் மைக்கை முழங்கையால் அழுத்திவிட்டுப் பேசினாள். பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் அல்லவா? எழுதிக்கொண்டது. எழுதியதைப் படித்துப் பார்க்காமல் அதே முழங்கையால் அனுப்பியும் விட்டாள். அந்தப் போன் எந்த ஊரில் தமிழ் படித்ததோ, அதற்கு மல்லாட்டை தெரியவில்லை. குழுவில் வந்து விழுந்தது இதுதான்:

'ஐந்து மூட்டை நல்ல ஆட்டை பௌர்ணமி காலையில் வரும் ராணியம்மா தோலோடு நல்லா வேக வைத்து வையுங்க உப்பு ஜாஸ்தி வேண்டாம் நந்தினி மேடம் ஆளுங்க பக்தர்களுக்கு தொன்னையில் கொடுப்பாங்க.'

முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இரண்டாம்முறை படித்தபோது குழுவில் நந்தினி இருப்பது ஞாபகம் வந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு அருணா வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவள் நந்தினியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புரியுதுங்க, போன்தான் தப்பா எழுதிடுச்சு" என்று நந்தினி சொல்வது எனக்கும் கேட்டது. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஆனா எங்க பெரியவர் அதைப் படிச்சுட்டார். கிரிவலத்துல அந்தப் பேச்சே வேண்டாம்னு சொல்லி, சென்னையிலிருந்தே சுண்டல் செஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லிட்டார். பணமும் கட்டியாச்சு. சாரி அருணா."

அருணா போனை வைத்தாள். "நான் பறிக்கச் சொல்லிட்டேனே" என்றாள். அதை மூன்று நான்குமுறை சொன்னாள். நான் என் பங்குக்கு, "ஆண்டவன் கை எதுக்குக் குடுத்திருக்கான்? கழுவிட்டு எழுதறதுக்கு இன்னா?" என்று கத்தினேன். அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

நயினாரைக் கூப்பிட்டோம். விரதத்துக்கு முன்பே போனை அணைத்துவிட்டார். மறுநாள் சதுர்தசி. காலையில் அருணாவிடம் போய், "வா, வண்டியில நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றேன்.

"வேணாம்ணா. பறிச்சதைத் திரும்ப நட முடியுமா? விரதத்தன்னிக்குப் போய் அவர் மனசைக் கலக்கி இன்னா ஆவப் போவுது? நாளைக்கு மூட்டை வர்றதுக்குள்ள நான் வாங்கற ஆளைப் பாக்கறேன்" என்றாள். அவள் வாயிலிருந்தே அந்த 'பாக்கறேன்' வந்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அதற்குள் அந்தச் சேதியை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே விட்டிருந்தார்கள். கிரிவலப் பாதை முழுக்க அதே பேச்சு. அருணாவின் கணவர் முருகவேல் டவுன் பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் ஒருவர் அவரிடம், "ஆட்டுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கேட்டிருக்கிறார். அருணாவின் போன் விடாமல் அடித்தது. எல்லாம் கிண்டல்தான். நானாக இருந்தால் போனைக் கிணற்றில் போட்டிருப்பேன். முதல் நாலைந்து பேரிடம் அவளும் சுள்ளென்றுதான் விழுந்தாள். பிறகு சோளம் அவித்து விற்கிற பையன் ஒருவன் கூப்பிட்டான்.

"இன்னாக்கா, நல்ல ஆடு கீதாமே? தோலோட வேக வெப்பீங்களாமே?"

அருணா இந்தமுறை திட்டவில்லை. "கீதுடா" என்றாள். "தோலோடதான் வேகும். போளூர் நயினார் நெலத்துக் காய். நாளைக்குத் தூறல் கீதாம், சூடா குடுத்தா நிக்காது. உனக்கு எத்தினி படி எழுதட்டும்?"

கிண்டல் பண்ணவந்தவன் எப்படி இல்லை என்று சொல்வான்? "நாலு படி போடுக்கா" என்றான்.

அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவரும் சிரித்து முடிப்பதற்குள் படிக்கணக்கு கேட்டாள். சிரித்த வாய்க்குக் காய் வாங்காமல் ஒருவரும் தப்பவில்லை. யார் யாரிடம் அடுப்பு இருக்கிறது, யாருக்கு அவித்தே கொடுக்க வேண்டும், என் வண்டி எந்தெந்த முனையில் நிற்க வேண்டும் என்று குழுவில் போட்டுக்கொண்டே இருந்தாள். இந்தமுறை ஒவ்வொன்றையும் விரலால் எழுதி, வாய்விட்டுப் படித்த பிறகுதான் அனுப்பினாள். எதிரில் 'ஆச்சு, ஆச்சு' என்று விழுந்தது. சடையன்கூட டீயோடு விற்கிறேன் என்று எடுத்துக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் நாலு மூட்டைக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஐந்தாவது மூட்டைக்கு மட்டும் ஆள் இல்லை என்று குழுவில் போட்டும் யாரும் வரவில்லை.

"அதை நான் அவிக்கிறேன்டி" என்றாள் ராணியம்மாள். "வித்தா விக்குது. எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சுக்கினு கீற?"

"விக்கலன்னா அவருக்கு இன்னா பதில் சொல்றது?" என்றாள் அருணா. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பௌர்ணமி விடிந்ததும் போளூருக்குப் போனேன். ஐந்து மூட்டையும் தைத்துத் தயாராக வாசலில் நின்றன. ஏற்றி முடித்ததும் நயினாரும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "நானும் வரேங்க. என் காய் எங்க போவுது, யார் திங்கறாங்கன்னு ஒருநாள் பாக்கணும்" என்றார். இன்றைக்குத்தானா பார்க்க வேண்டும்? சட்டைப் பையில் அவர் போன் இருந்தது. அது அணைந்தே இருக்கட்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு ஓட்டினேன். வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசினேன். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அடி அண்ணாமலையில் இறங்கியதும் சடையன் டீக்கடையிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "வந்துடுச்சா நல்ல ஆ..." என்று ஆரம்பித்தவன் அருணாவின் முறைப்பைப் பார்த்துவிட்டான். "...ளு! நல்ல ஆளு நம்ம நயினாரு!" என்று முடித்தான். நயினார் கைகூப்பினார். அன்று முழுக்க எங்களுக்கு இதே வேலை. அவர் காதில் விழுகிற தூரத்தில் யார் வாயைத் திறந்தாலும் நானோ அருணாவோ குறுக்கே போய் நின்றோம். ஆர்டர் போனதும் தெரியக்கூடாது, ஆடு வந்ததும் தெரியக்கூடாது.

தூறல் சொன்னபடி வந்தது. நனைந்துகொண்டு நடக்கிறவர்களுக்கு ஆவி பறக்கிற மல்லாட்டை கண்ணில் பட்டால் கால் தானாக நிற்கும். ராணியம்மாள் தார்ப்பாய் கட்டியிருந்ததால் மழைக்கு ஒதுங்கியவர்களும் அங்கேயே நின்று தின்றார்கள். நயினார் ஓர் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் உரித்து வாயில் போடுவதைச் சிறுபிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கடைசி மூட்டையும் அண்டாவுக்குள் போய்விட்டது. அது வேகுமுன்பே வாங்குவதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அருணா முகத்தில் அப்போதுதான் களை வந்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் சடையன் கொடுத்த ஆறிப்போன டீயைக்கூடத் திட்டாமல் குடித்தேன்.

பொழுது சாய்வதற்கு முன் நயினாருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று அருணா அவசர அவசரமாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வெங்காயம், கிழங்கு இல்லாமல் பருப்பும் அவரைக்காய்ப் பொரியலும் செய்து வைத்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நயினார் நிதானமாகச் சாப்பிட்டார். மோர் சாதத்துக்கு வரும்போது தலையைத் தூக்கினார்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு காலையில இருந்து பாத்துக்கினே இருந்தேம்மா" என்றார்.

"எதைங்க?" என்றாள் அருணா.

"ஆர்டர் போனதை. விடியக்காலையில எழுந்ததும் போனைத் தொறந்தேன். கொத்துக் கொத்தா மெசேஜ். எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் மூட்டையைத் தெச்சேன்."

அருணா கரண்டியை வைத்துவிட்டுக் கையைக் கூப்பிவிட்டாள். "மன்னிச்சுடுங்க. விரதத்துல உங்க மனசு கெட வேணாம்னுதான்... அதுக்கு மேல அந்த வார்த்தை வேற. உங்களாண்ட எப்படிங்க அதைச் சொல்லுவேன்?"

"வார்த்தை கெடக்குது உடுங்க. எம்பொண்ணு சுதர்சனா அதைப் படிச்சுட்டு சிரிச்ச சிரிப்புல கொட்டாயில இருந்த மாடு மெரண்டுடுச்சு." இப்போதும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நயினாரே, அஞ்சாவது மூட்டைக்கு ஆளே இல்லன்னு அதுலயே போட்டிருந்தாளே. தெரிஞ்சும் எதை நம்பி ஏத்துனீங்க?" என்றேன்.

அவர் நான் கேட்டதே புரியாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு அருணாவைக் காட்டினார்.

"அவங்க வேணாம்னு சொல்லலியே" என்றார்.

அருணா மோர் எடுத்துவருகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். மோர்ச் செம்பு எங்கள் எதிரிலேயே இருந்தது. உள்ளே அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் கூப்பிட வாயெடுத்தேன். நயினார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். செம்பைத் தூக்கித் தன் இலையில் ஊற்றிக்கொண்டு, என் இலையிலும் ஊற்றினார்.

"மெதுவா வரட்டுங்க" என்றார்.